சாயத் தண்ணீருக்கு முந்திரி ஓட்டுக் கரி சரிப்படுமா?

பண்ருட்டிக்காரன்:
நம் பக்கம் முந்திரி ஓடு கொட்டிக் கிடக்கிறது. கரும்புச் சோகையை வயலிலேயே கொளுத்துகிறோம். காற்றுப் புகாமல் சுட்டுக் கரியாக்கினால் சாயப்பட்டறைத் தண்ணீரைச் சுத்தப்படுத்தலாமே? கல்லூரி ஆய்வகத்தில் செய்து பார்த்தோம். பாஸ்பாரிக் அமிலத்தில் ஊறவைத்துச் சுட்ட ஓட்டுக் கரியை மெத்திலீன் நீலம் என்ற சாயம் கலந்த தண்ணீரில் போட்டுக் குலுக்கி வடிகட்டினால் நீலம் துளிகூட இல்லை.

உப்பனாற்றங்கரை:
தம்பி, நான் கடலூர் சிப்காட்டை ஒட்டிய குடிகாட்டுக்காரி. அந்தத் தொழிற்பேட்டைப் பக்கம் யாராவது 'மலிவான வழி' என்றாலே எனக்குப் பகீரென்கிறது. மெத்திலீன் நீலம் நேர்மின் சாயம். நீங்கள் செய்த மாதிரிக் கரியின் மேற்பரப்பு சாதாரணத் தண்ணீரில் எதிர்மின் தன்மையோடு இருக்கும், அதனால் ஓடிப்போய் ஒட்டிக்கொள்ளும். பருத்தித் துணிக்குப் போடும் ரியாக்டிவ் சாயம் எதிர்மின் வகை. அதை அதே கரியில் ஒட்டவைக்க, அமிலம் ஊற்றி பிஎச்சை (அமில, காரத்தன்மையின் அளவு; 7 நடுநிலை) 2, 3 வரை இறக்குகிறார்கள். அந்தத் தண்ணீரை அப்புறம் யார் சரிசெய்வது?

அதைவிடப் பெரிய பிரச்சினை உப்பு. ரியாக்டிவ் சாயம் துணியில் ஏற, லிட்டருக்குப் பத்து இருபது கிராமுக்குக் குறையாமல் உப்பு போடுகிறார்கள். கரி அதைத் தொடாது. நிறம் போனதைப் பார்த்து நல்ல தண்ணீர் என்று திறந்துவிட்டால் கிணறெல்லாம் உவர்ந்துவிடும். 2011-இல் திருப்பூர் சாயப்பட்டறைகளை உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது மறந்துவிட்டதா? நொய்யலைக் கெடுத்தது வெறும் நிறமா?

கெடிலம்:
முந்திரி ஓடு சும்மா கிடக்கவில்லை. எண்ணெய் எடுப்பவர்களும் சூளைக்காரர்களும் காசு கொடுத்து வாங்குகிறார்கள். கரும்புச் சக்கையை ஆலையே எரித்துக்கொள்கிறது. மிச்சம் சோகைதான்.

பண்ருட்டிக்காரன்:
சோகையிலேயே ஆரம்பிப்போம் அண்ணே. அக்கா, உப்புக்குத்தான் ஆர்.ஓ. இருக்கிறது. சாயம் படிந்து அதன் மெம்பரேன் (வடிகட்டும் சவ்வு) அடைத்துக்கொள்கிறது. முன்னால் கரித்தொட்டி வைத்தால் மெம்பரேன் நாள்படும். நான் கேட்பது அந்த ஓர் இடம்தான். கரியை இங்கேயே செய்தால் விவசாயி கையிலும் நாலு காசு நிற்கும்.

உப்பனாற்றங்கரை:
அது நியாயமான இடம். ஆனால் சாயம் குடித்த கரி எங்கே போகும்? சாயம் அழியவில்லை, தண்ணீரிலிருந்து கரிக்கு மாறியிருக்கிறது. திரும்பப் பயன்படுத்த மறுபடி உலையில் சுட வேண்டும், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கரி வீணாகும். அந்தச் செலவைத் தவிர்க்க நினைப்பவன் ராத்திரியோடு ராத்திரியாக மூட்டை கட்டி ஆற்றோரம் தள்ளுவான்.

பண்ருட்டிக்காரன்:
சரி அக்கா, பட்டறைக் கழிவுநீரையே எடுத்துச் சோதிப்போம். நிறம், உப்பு, பிஎச், சிஓடி (கழிவை வேதிமுறையில் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) நான்கையும் எழுதி இங்கே போடுகிறேன்.

உப்பனாற்றங்கரை:
சாயம் ஏறித் தீர்ந்த கரியின் எடையையும் அது போன இடத்தையும் சேர்த்து எழுதுங்கள். அது இல்லாமல் கொண்டுவந்தால் முதல் ஆளாக எதிர்ப்பேன்.