ரொலெக்ஸ் லேண்ட்-டுவெல்லர்: லிஃப்ட் ஆங்கிள் என்ன வைக்கிறீர்கள்?

அட்டன், நுவரெலியா பக்கம் வாட்ச் வேலை பார்க்கும் அண்ணன்மாரே, 2025இல் வந்த லேண்ட்-டுவெல்லர் வாட்சை யாராவது டைம்கிராஃபரில் (துடிப்புச் சத்தம் கேட்டு வாட்சின் ஓட்டத்தை அளக்கும் கருவி) வைத்துப் பார்த்தீர்களா? 7135 மெஷின், மணிக்கு 36,000 துடிப்பு. அந்தத் துடிப்பைக் கருவியில் கையாலேயே செட் பண்ணலாம். சிக்கல் லிஃப்ட் ஆங்கிளில்தான், அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் தள்ளு வாங்கும்போது பாலன்ஸ் சக்கரம் சுழலும் கோணம்; அதையும் கருவியில் கொடுக்க வேண்டும். வழக்கமான 52 பாகை சாதாரண லீவர் வாட்சுக்கு. இதில் சிலிக்கான் சக்கரங்கள் உருண்டு தள்ளுவதால் 'டிக்' சத்தமே வேறு. கோணம் பிழைத்தாலும் நேர விலகல் சரியாகத்தான் வரும், ஆம்ப்ளிட்யூட் (பாலன்ஸ் சக்கரம் ஆடும் வீச்சு) மட்டும் பொய் சொல்லும். அதை நம்பி, இந்த மலை ஈரத்தில் பின்மூடியைத் திறப்பது வீண் வினை.

முழுச் சாவி கொடுத்து, டயல் மேலே, கிரவுண் கீழே என இரண்டு நிலையிலும் எடுத்த ரீடிங் படம் இருந்தால் போடுங்கள். வைத்த கோணத்தையும் சொல்லுங்கள். 9.7 மில்லிமீட்டர் தடிப்பு ஸ்வெட்டர் கைக்குள் சிக்காமல் போகிறதா?