பொருள்: தீபாவளித் தூக்குவாளி விவகாரம்

அன்புள்ள ஊர்ச் சொந்தங்களுக்கு,

தாராவியில் நம் ஊர்ச் சங்க அறை வாசலில் யாரோ பலகாரம் போட்டு மாட்டிவிட்டுப் போன தூக்குவாளியைப் பற்றி இந்தக் குழுவில் வந்து குவிந்திருக்கும் மடல்களுக்குத் தனித்தனியாகப் பதில் எழுத எனக்குத் தெம்பு இல்லை. துபாய் மைத்துனர் அதைச் செய்வினை என்கிறார். சிங்கப்பூர்த் தம்பியோ, ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பாமல் யாரும் வாயில் வைக்கக் கூடாது என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். அவருடைய மடல் வந்தபோது வாளியில் பாதிதான் மீதி. தின்றவர்கள் அனைவரும் நலம்.

தீபாவளி அன்று விடிந்ததும் அறையைத் திறக்கப் போன பையன், கதவு நாதாங்கியில் ஓர் எவர்சில்வர் தூக்குவாளி தொங்குவதைப் பார்த்தான். உள்ளே முந்திரிக்கொத்து. சீட்டு எதுவும் இல்லை. விசாரித்ததில், சென்ற இரண்டு தீபாவளிக்கும் இதேபோல் பிளாஸ்டிக் பையில் வந்திருக்கிறது. பிள்ளைகள் காலி செய்துவிட்டு நிர்வாகத்துக்குத் தகவல் சொல்லாமலே இருந்துவிட்டார்கள். இந்த முறை வாளி என்பதால் விஷயம் வெளியே வந்தது. வாளியின் கழுத்துக்குக் கீழே பெயர் வெட்டிய இடம் இருந்தது. ஆனால் அதை அரம் போட்டுச் சுரண்டியிருந்தார்கள்.

நிர்வாகக் குழு கூடியது. பக்கத்து ஊர்ச் சங்கத்தாரின் நையாண்டி என்றார் ஒருவர். அடுத்த தேர்தலுக்கு யாரோ இப்போதே அச்சாரம் போடுகிறார்கள் என்றார் இன்னொருவர். இரண்டு தேநீர் குடித்து, ஒன்றும் முடிவாகாமல் கலைந்தோம். கலைகிற நேரத்தில்தான் பக்கத்துச் சயான் பகுதியில் மகன் வீட்டில் இருக்கும் கீழத்தெரு ஆச்சி படியேறி வந்தார். எழுபத்தாறு வயது. ஊரில் யார் வீட்டுக் கோழி யார் வீட்டில் முட்டையிட்டது என்று தீர்ப்புச் சொன்னவர் என்பது பெரியவர்களுக்கு நினைவிருக்கும்.

"வாளியைப் பிறகு பார்க்கலாம். முதலில் கொத்தைக் கொடு" என்றார்.

வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்காக ஒரு வார்த்தை. பச்சைப்பயற்றை வறுத்து உடைத்து, தோலைப் புடைத்து, பாகு காய்ச்சி, தேங்காய், எள், ஏலக்காய் சேர்த்து உருண்டை பிடித்து, மஞ்சள் கலந்த அரிசி மாவில் மூன்று மூன்றாக ஒட்டி முக்கிப் பொரிப்பது முந்திரிக்கொத்து. நெல்லை, தூத்துக்குடி, குமரிப் பக்கம் தீபாவளிக்கும் கிறிஸ்துமசுக்கும் கல்யாணச் சீருக்கும் இதுவே. முந்திரிப்பருப்பைத் தேடாதீர்கள், இருக்காது.

ஆச்சி ஒரு கொத்தைப் பிட்டு, மூக்குக் கண்ணாடியை முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு, உள்ளிருந்ததை உள்ளங்கையில் உதிர்த்தார். பழுப்புத் தூளுக்கு இடையே நகக்கண் அளவுக்குப் பச்சைத் தோல் துணுக்குகள் கிடந்தன. "கடையில் விற்கும் பாசிப்பருப்பு இல்லை இது. முழுப்பயற்றை வறுத்துத் திருகையில் உடைத்திருக்கிறார்கள். தோலைச் சுளகில், அதான் முறத்தில், புடைத்திருக்கிறார்கள். தாராவியில் பத்துக்குப் பத்து அறையில் பயற்றுத்தோல் புடைத்தால் அடுத்த வீட்டுக்காரி சும்மா விடுவாளா? முற்றமோ மொட்டை மாடியோ உள்ள வீடு" என்றார்.

பிறகு முகர்ந்தார். தேங்காய் எண்ணெய். நம்மூரில் நல்லெண்ணெய், இல்லையென்றால் கடலை எண்ணெய். தேங்காய் எண்ணெயில் பலகாரம் சுட்டால் மாமியார் முகம் சுளிப்பார். ஆக, சுட்டவர் நாகர்கோவில் பக்கத்துப் பெண். ஆனால் உள்ளே இருந்தது கருப்பட்டி. அதுவும் சீனி கலக்காத, நம்மூர்ப் பக்கத்துச் செம்மணல் தேரிக்காட்டுச் சரக்கு என்று நாக்கிலேயே சான்றிதழ் கொடுத்துவிட்டார். மும்பையில் கைக்கெட்டும் தூரத்தில் கிடைப்பது, 2014-இல் புவிசார் குறியீடு வாங்கிய கோலாப்பூர் வெல்லம். பொன் நிறம், பாகு வைக்கவும் சுலபம். அதை விட்டுவிட்டுக் கருப்பட்டியைத் தட்டி, கரைத்து, மண் வடிகட்டி மெனக்கெடுகிறவர்கள் நம்மவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

இதோடு அவர் நிறுத்தவில்லை. பதநீர்க் காலம் ஆடியோடு அடங்கிவிடும். இங்கேயோ ஜூன் முதல் செப்டம்பர் வரை 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. அந்த ஈரத்தில் கருப்பட்டி வியர்த்துக் கசிந்து பூசணம் பிடித்துவிடும். இதில் பூசண வாடை துளியும் இல்லை. மழை ஓய்ந்த பிறகு, புரட்டாசியில் யாரோ ஊரிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. "கணவன் நம்மூர், மனைவி நாகர்கோவில் பக்கம், ஊரோடு போக்குவரத்து விட்டுப்போகவில்லை. ஆனால் சங்கத்தோடு விட்டுப்போயிருக்கிறது" என்றார். எங்களுக்கு வாய் அடைத்துப்போயிற்று. குழுவில் இதற்கெல்லாம் தடயவியல் நிபுணர் வேண்டும் என்று எழுதியவர்கள் கவனிக்கவும்.

வாளிக்கு வந்தார். பெயர், இன்றைய மின்கருவியால் எழுதியது அல்ல. உளியால் புள்ளி புள்ளியாகக் குத்திய பழைய வேலை; அரம் பட்டும் ஓரத்தில் இரண்டு புள்ளிகள் தப்பியிருந்தன. சீர்ப்பாத்திரம். சுரண்டிய இடம் மட்டும் பளபளவென்று புதிது.

நான் எதுவும் பிடிபடாமல் கேட்டேன்: "மறைக்க நினைத்தவர்கள் பழையபடி பையிலேயே வைத்திருக்கலாமே ஆச்சி?"

"பையைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம். பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வாளியில் போட்டது வீட்டுக்காரி. யாராவது தேடி வரட்டும் என்று போட்டிருக்கிறாள். பெயரைச் சுரண்டியது வீட்டுக்காரன். யாரும் வந்துவிடக் கூடாது என்று சுரண்டியிருக்கிறான். ஒரே வீட்டில் இரண்டு மனசு."

இந்த விவகாரம் முழுவதிலும் நான் வியந்த இடம் இதுதான். அத்தனை பேர் அந்த வாளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோமே!

அடுத்து, கீழ் வீட்டு மராட்டிய அம்மாளிடம் ஒரு தட்டு முறுக்கோடு போனார். நமக்குத் தீபாவளியான அன்று அவர்களுக்கும் விடியும் முன் எண்ணெய்க் குளியல் உண்டு. அந்த நேரத்தில் அந்த வீட்டில் யாராவது விழித்திருப்பார்கள் என்பது ஆச்சியின் கணக்கு. போன தட்டில் அவர்கள் பலகாரமான சங்கர்பாளி நிரம்பி வந்தது, கூடவே சேதியும் வந்தது. இருட்டோடு ஒரு பெரியவர் வந்தார், செருப்பைப் படிக்கட்டின் கீழேயே கழற்றிவிட்டு மேலே போனார், வாளியை மாட்டிவிட்டு உடனே இறங்கிவிட்டார். உள்ளே அம்மன் படம் இருப்பது தெரிந்தவர்தான் செருப்பைக் கழற்றுவார். அந்த அம்மாளை அதுவரை நம் குழுவில் ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

பிறகு, வீட்டுக்கு வீடு சங்கத்துக்குக் கட்டும் ஊர் வரியின் பழைய நோட்டுகளைக் கேட்டார். அலமாரியின் மேல்தட்டிலிருந்து எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தேன். வரி கட்டிக்கொண்டே வந்து திடீரென்று நின்றுபோன வீடுகள் சில இருந்தன. அவற்றில் நாகர்கோவில் பக்கம் பெண் எடுத்த வீடு ஒன்றுதான். மும்பைக்கு வெளியே அம்பர்நாத் பக்கம், தரைத்தளத்தில் சொந்த வீடு. பெயரைப் பார்த்ததும் எனக்கு உள்ளே சுருக்கென்றது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நம் பொருளாளராக இருந்தவர். ஊர் அம்மன் கோயில் கொடை விழாவுக்குப் பந்தல் முன்பணம் 5,000 ரூபாய் கொடுத்தேன் என்றார்; ரசீது இல்லை. அந்த ஆண்டு ஊரில் ஒரு துக்கத்தால் கொடை தள்ளிப்போனது. பணம் எங்கே என்று பொதுக்குழுவில் கேட்ட கேள்வியும் கேட்ட விதமும் அப்போது அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். எழுந்து போனவர் திரும்பவில்லை.

ஆச்சி முகவரியோடு விடவில்லை. அடுத்த ஆண்டு நோட்டையும் புரட்டினார். பந்தல் செலவுப் பக்கத்தில், வேறு கையெழுத்தில் ஒரு வரி இருந்தது: "முன் வருட முன்பணம் 5,000 கழித்து." கொடுக்காத முன்பணத்தைப் பந்தல்காரர் எப்படிக் கழிப்பார்? இரண்டு நோட்டும் இத்தனை காலமாக ஒரே அலமாரியில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்திருக்கின்றன. தணிக்கை செய்து கையெழுத்துப் போட்டவர்களில் இருவர் இந்தக் குழுவில் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன்.

வெறும் வாளியாகத் திருப்பக் கூடாதே. ஆச்சி அதிரசம் சுட்டு நிரப்பினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்பர்நாத் போனோம். கதவைத் திறந்த அண்ணாச்சி வாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நோட்டைக் கொண்டுவந்தீர்களா?" என்பதுதான் முதல் பேச்சு. கொண்டுபோயிருந்தேன். திண்ணையில் உட்கார்ந்து இரண்டு பக்கங்களையும் அவர் விரல் வைத்துப் படித்து முடிக்கும்வரை எங்களை உள்ளே வரச் சொல்லவில்லை. அவர் மனைவி, நம் மதினி, வந்துதான் கூப்பிட்டார். ஆச்சி உள்ளே போனதும் சொன்னது, "பயற்றை இன்னும் ஒரு சுற்று வறுத்திருக்கலாம்" என்பது. எண்ணெயைப் பற்றி இருவருக்கும் நடந்த விவாதத்தை இங்கே எழுதினால் நாகர்கோவில் சம்பந்தம் உள்ளவர்கள் குழுவை விட்டு விலகிவிடுவார்கள்.

இந்த மடலை எழுத அண்ணாச்சி சம்மதித்திருக்கிறார். தன் பெயரைப் போடக் கூடாது என்பது அவருடைய நிபந்தனை. கணக்கைத் தொகையோடு போட வேண்டும் என்பதும் அவருடைய நிபந்தனைதான்.

இனிக் காரியம். கார்த்திகை முதல் ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழுவில் மேற்படி 5,000 ரூபாய்க் கணக்கைத் திருத்தி எழுதி, சங்கத்தின் சார்பில் வருத்தம் தெரிவிக்கும் தீர்மானம் வருகிறது. ஆட்சேபணை உள்ளவர்கள் அதற்குமுன் எனக்கு எழுதுங்கள், காரணத்தோடு எழுதுங்கள். விடுபட்ட ஆண்டுகளின் வரியைக் கட்டிவிடுவதாக அண்ணாச்சி சொல்கிறார். வாங்கலாமா கூடாதா என்பதையும் அங்கே பேசுவோம். வாங்கக் கூடாது என்பது என் கட்சி.

கிறிஸ்துமசுக்குச் சங்க அறையிலேயே முந்திரிக்கொத்து சுடுவது என்று ஆச்சியும் மதினியும் முடிவு செய்துவிட்டார்கள். எண்ணெய் மட்டும் இன்னும் இழுபறி. திருகை மதினி கொண்டுவருவார். நல்ல பனைநார்ச் சுளகு ஒன்று வேண்டும். மார்கழிக்குள் ஊரிலிருந்து தாதர் சாளுக்யா ரயிலிலோ நாகர்கோவில் எக்ஸ்பிரசிலோ வருகிறவர்கள் இருந்தால் தெரிவிக்கவும். சுளகுக்கான பணத்தைச் சங்கம் கொடுக்கும், ரசீது அவசியம்.

இப்படிக்கு,
செயலாளர், மும்பைக் கிளை