பதப்படுத்திய எலி மூளையில் மயலின் நீர் பிரிந்து தெரியவில்லை

கேள்வி: மயலின் (நரம்பிழைகளைச் சுற்றிய கொழுப்பு உறை) அடுக்குகளில் உள்ள நீரை எம்.ஆர்.ஐ.யில் தனியே அளக்கப் பார்க்கிறேன். ஃபார்மலினில் வைத்த எலி மூளை, 7 டெஸ்லா காந்தக் கருவி. 32 எதிரொலிகள் (ரேடியோத் துடிப்புகளுக்குப் பின் திரும்பும் சிக்னல்கள்), இடைவெளி 10 மில்லி விநாடி. மயலின் மிகுந்த வெண்பொருளிலும் ஒரே நீர்க்கூறுதான் வருகிறது. எங்கே தவறு?

பதில் 1: இடைவெளியைப் பாருங்கள். மயலின் அடுக்குகளுக்குள் சிக்கிய நீரின் டி2 (சிக்னல் மங்கும் காலம்), 1.5 டெஸ்லாவில் உயிருள்ள மூளையிலேயே 10–40 மில்லி விநாடிதான். உங்கள் மாதிரியில் இன்னும் குறையும். முதல் எதிரொலி வருமுன்பே அதன் சிக்னலில் பெரும்பகுதி மங்கிவிடும். இடைவெளியை 5–7 மில்லி விநாடிக்கு இறக்குங்கள்.

பதில் 2: ஃபார்மலினைக் கழுவினீர்களா? அதுவும் டி2வைக் குறைக்கும். பாஸ்பேட் உப்புக் கரைசலில் ஒரு நாளுக்கு மேல் ஊறட்டும், கரைசலை இரண்டு மூன்று முறை மாற்றுங்கள். படமெடுக்கும்போது ஃபாம்ப்ளின் என்ற ஃப்ளோரின் எண்ணெயில் மூழ்கவையுங்கள். அதில் ஹைட்ரஜன் இல்லாததால் பின்னணி இருட்டாக இருக்கும். காற்றுக்குமிழி ஒன்றுகூட ஒட்டியிருக்கக் கூடாது, அதைச் சுற்றிக் காந்தப்புலம் குலையும்.

கேள்வி கேட்டவர்: கழுவவில்லை. இன்னொன்று, இரண்டாம் எதிரொலி முதலாவதைவிட உயரமாக இருக்கிறது.

பதில் 1: அப்படியானால் எதிரொலியை உண்டாக்கும் 180 பாகைத் துடிப்பு சரியாக விழவில்லை, அந்தக் குறையால் வரும் உபரிச் சிக்னலான தூண்டப்பட்ட எதிரொலி கலக்கிறது. முதல் எதிரொலியைத் தூக்கியெறியாதீர்கள், மயலின் தகவல் அதில்தான் அதிகம். துடிப்பு உண்மையில் திருப்பிய கோணத்தையும் (திருப்புகோணம்) கணக்கில் ஓர் அறியாக் கணியமாகச் சேருங்கள். இரைச்சலைவிடச் சிக்னல் சில நூறு மடங்கு இல்லையென்றால் இரு கூறுகளும் மறுபடி ஒன்றாகிவிடும்.