ஆர்சிசிபி அடிக்கடி விழுகிறதா? இஸ்திரிப் பெட்டி செய்யாத ஒரு குற்றம்

காவிரிக்கரையான் (தஞ்சாவூர்):

சென்ற ஐப்பசியில் அடைமழை பிடித்த மூன்றாம் நாளிலிருந்து, இஸ்திரிப் பெட்டியைச் செருகினால் அது சூடேறுவதற்குள் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் காவல் சுவிட்ச்) விழுந்து எங்கள் வீடு முழுவதும் இருண்டுபோகத் தொடங்கியது. பெட்டி பழையதாகையால் பழியை அதன்மேல் போட்டுவிட்டு, அதே 1000 வாட்டில் புதிதாக ஒன்று வாங்கினேன். அதற்கும் விழுந்தது. பழைய பெட்டியைப் பக்கத்து வீட்டில் செருகிப் பார்த்தால், அங்கும் ஆர்சிசிபி இருந்தும், அரை மணி நேரம் ஒரு சிணுங்கலும் இல்லாமல் வேலை செய்தது.

அழைத்து வந்த எலக்ட்ரீஷியன், இஸ்திரிப் பெட்டி செருகப்பட்ட அறையின் எம்சிபியை (ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் தனித்தனியாக உள்ள சுவிட்ச்) மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் இறக்கிப் பார்த்தார். அப்போதும் விழுந்ததால், அந்த அறையின் வயரிங் முழுவதையும் உருவி மாற்ற வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் மிக்சி ஓடும்போது விழுவதில்லை என்பதையும், வேறொரு சர்க்யூட்டில் இருக்கும் தண்ணீர் மோட்டாரைப் போட்டாலும் விழுகிறது என்பதையும் என் மனைவி கவனித்து வைத்திருந்தார். எந்த அறை என்பது பொருட்டாக இல்லாமல், எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்பதுதான் பொருட்டாக இருந்தது.

மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் சித்தப்பாவிடம் இதைச் சொன்னேன். “ஏம்பா, எம்சிபியை இறக்கினால் பேஸ்தானே போகும், நியூட்ரல் அங்கேயேதானே இருக்கிறது?” என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில் பாதிச் சிக்கல் அவிழ்ந்துவிட்டது.

பேஸில் போன கரண்ட் முழுவதும் நியூட்ரல் வழியாகத் திரும்புகிறதா என்பதை மட்டுமே ஆர்சிசிபி ஒப்பிட்டுப் பார்க்கிறது. வீடுகளில் போடுவது 30 மில்லி ஆம்பியர் வகை. நடைமுறையில் வித்தியாசம் 15-ஐத் தாண்டினாலே விழக்கூடும். வீட்டின் ஏதோ ஒரு மூலையில் நியூட்ரல் வயர் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தால், எல்லாச் சர்க்யூட்டின் நியூட்ரலும் ஒரே பட்டையில் சேருவதால், எந்தப் பொருளை ஓட்டினாலும் திரும்பும் கரண்டில் ஒரு துளி அந்த மூலை வழியாக மண்ணுக்குள் போய்விடும். இஸ்திரிப் பெட்டி நாலேகால் ஆம்பியருக்குச் சற்று மேல் இழுக்கிறது. அதில் நூற்றில் ஒரு பங்குகூடத் தப்பிப் போக வேண்டியதில்லை. மிக்சி அதில் பாதிதான் இழுக்கும் என்பதால் பிழைத்தது.

மறுநாள் சித்தப்பாவே வந்தார். மெயின் சுவிட்சையும் ஆர்சிசிபியையும் அணைத்து, கரண்ட் இல்லை என்று டெஸ்டரில் உறுதி செய்துகொண்டு, எல்லாப் பிளக்குகளையும் பிடுங்கிவிட்டு, இந்தச் சுவிட்சுகள் எல்லாம் இருக்கும் டிபி பாக்ஸில் நியூட்ரல் பட்டையிலிருந்து ஒவ்வொரு வயராகக் கழற்றி, அதற்கும் எர்த்துக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்தார். ஏழு வயர்களில் ஆறு எதுவும் காட்டவில்லை. ஏழாவது ஏறக்குறைய 90 ஓம் காட்டியது. அது கேட்டுத் தூண் விளக்குக்குப் போகும் வயர். தூணுக்குள் இருந்த இரும்புப் பெட்டியின் விளிம்பில் நியூட்ரல் வயர் நசுங்கி, மழைநீரும் துருவும் எறும்புப் புற்று மண்ணும் சேர்ந்து அதை எர்த்தோடு இணைத்திருந்தன. அந்த விளக்கு பல மாதங்களாக ஃபியூஸ் போன நிலையில் இருந்ததால், நாங்கள் யாரும் அதை நினைத்தே பார்க்கவில்லை. பிளாஸ்டிக் பெட்டியும் இரண்டு மீட்டர் வயரும் செலவு. புது இஸ்திரிப் பெட்டிதான் தண்டம்.

கொங்குநாட்டான் (ஈரோடு):

எங்கள் வீட்டில் குற்றவாளி கீசர்தான், ஆனால் அதைப் பிடிப்பது எளிதாக இருக்கவில்லை. போட்டவுடன் விழாமல், தண்ணீர் சூடேறி ஐந்தாறு நிமிடங்கள் கழிந்த பிறகுதான் விழும். ஆறிய நிலையில் மல்டிமீட்டரை வைத்தால் எல்லாம் சரி என்றே காட்டும். ஆழ்துளைக் கிணற்று உப்புநீர் எலிமெண்டின் உறையை அரித்திருந்தது. 500 வோல்ட் கொடுத்துச் சோதிக்கும் மெகர் கருவியை வைத்தபோதுதான் கசிவு தெரிந்தது. இதற்கு முன் வந்த ஒருவர், கீசர் லைனை மட்டும் ஆர்சிசிபிக்கு முன்னாலிருந்து எடுத்துக் கொடுத்தால் தொல்லை தீர்ந்துவிடும் என்றார். தொல்லை தீர்ந்திருக்கும், நனைந்த கையோடு குழாயைத் திறப்பவர் பாடுதான் திண்டாட்டம்.

அடையாற்று ஆலமரம் (சென்னை):

எனக்கு ஒரு வரிதான். புது இன்வெர்ட்டர் மாட்டிய அன்றே ஆர்சிசிபி நிற்க மறுத்தால் வேறெங்கும் தேட வேண்டாம். இன்வெர்ட்டருக்குப் பேஸை ஆர்சிசிபிக்கு முன்னால் எடுத்துவிட்டு, அதில் ஓடும் விளக்குகளின் நியூட்ரலைப் பின்னால் உள்ள பட்டையில் கலந்திருப்பார்கள்.

பனிப்புயல் (நியூ ஜெர்சி):

இங்கே அமெரிக்க வீடுகளில் இந்தக் காவல் பெரும்பாலும் சுவரில் உள்ள பிளக் பாயிண்டிலேயே இருக்கிறது. ஜிஎஃப்சிஐ என்பார்கள், 4 முதல் 6 மில்லி ஆம்பியருக்குள் விழுந்துவிடும். எங்கள் வீடு 1980-களில் கட்டப்பட்டது. ஒரு நாள் குளியலறைப் பாயிண்ட் செத்துப்போனது, அதில் ரீசெட் பொத்தானே இல்லை. இரண்டு நாள் தேடிய பிறகு, கராஜில் அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் ஒரு ஜிஎஃப்சிஐ விழுந்து கிடப்பதைக் கண்டேன். அந்தக் காலத்தில் ஒன்றை மட்டும் மாட்டி, அதன் லோட் முனையிலிருந்து குளியலறைக்கும் வீட்டுக்கு வெளியே உள்ள பாயிண்டுக்கும் லைன் இழுத்திருக்கிறார்கள்.

ரீசெட் செய்தால் சில மணி நேரம் நிற்கும், மழை வந்தால் விழும். பிரேக்கரை அணைத்துவிட்டு, லோட் முனையில் இருந்த வயர்களைக் கழற்றி மூடிவைத்த பிறகு அது நான்கு நாள் மழையிலும் அசையவில்லை; ஆகவே கருவி நல்லது, கோளாறு அதற்கு அப்பால் இருக்கிறது என்று தெளிவாயிற்று. தீபாவளிச் சர விளக்குக்காக நான் பயன்படுத்திய வெளிப் பாயிண்டின் மூடி உடைந்து, உள்ளே பச்சைக் களிம்பு பூத்திருந்தது. அதை மாற்றி, பிளக் செருகியிருக்கும்போதும் மூடிக்கொள்ளும் உறையைப் போட்டேன்.

காவிரிக்கரையான் (தஞ்சாவூர்):

கொங்குநாட்டான் ஐயா சொன்ன மெகர் சோதனையை எங்கள் வீட்டிலும் செய்துவிடலாம் என்று சித்தப்பா சொல்லியிருக்கிறார். கேட்டுக்கு இன்னொரு தூணும் இருக்கிறது. அதன் விளக்கு எரிகிறது, ஆனால் உள்ளே இருப்பது அதே இரும்புப் பெட்டிதான். வரும் ஞாயிற்றுக்கிழமை அதைத் திறக்கிறோம்.