கேனுலா மாற்றும் வழக்கம்: அனுபவம் உள்ள நர்ஸ்கள் உதவுங்கள்

வணக்கம். எங்கள் வார்டில் 72 மணி நேரம் ஆனால் கேனுலாவை (மருந்து, சலைன் ஏற்ற நரம்பில் போடும் சிறு குழாய்) கழற்றி வேறு இடத்தில் போட வேண்டும். நரம்பே கிடைக்காத வயதானவர்களுக்கும் இதேதான். நன்றாக ஓடுவதைப் பிடுங்க மனசே வருவதில்லை.

2012-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வில் 3,283 பேரிடம் பார்த்திருக்கிறார்கள். நாள் கணக்கு வைத்து மாற்றினாலும், வலி, சிவப்பு, வீக்கம் என்று தேவை வந்தபோது மாற்றினாலும் சிரை அழற்சி (கேனுலா போட்ட நரம்பு புண்பட்டு வீங்குவது) 7 சதவீதம்தான். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்கும் காக்ரேன் தொகுப்பாய்விலும் பெரிய வித்தியாசம் இல்லை.

சரி, இதை இன்சார்ஜ் சிஸ்டரிடம் எப்படிக் கொண்டுபோவது? முழுக் கட்டுரையை நீட்டினால் யார் படிப்பார்கள்? ஒரு பக்கச் சுருக்கம் போதுமா? ஷிஃப்ட்டுக்கு ஷிஃப்ட் கேனுலா இடத்தைப் பார்த்துக் குறிக்கும் தாள் வைத்திருப்பவர்கள் மாதிரி அனுப்புங்கள். அப்புறம், அந்த ஆய்வு பெரியவர்களிடம் செய்தது. குழந்தைகளுக்கு இப்படி ஆய்வு ஏதாவது இருக்கிறதா?