அப்பாவின் ஐ.என்.ஆர். நோட்டும் எட்டாத கணினித் திரையும்: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

மன்னார்குடியிலிருந்து, ஒரு மகள்

போன ஐப்பசி. விடாத மழை. இரவு ஒன்றரை மணிக்கு அப்பா கொல்லைப்புறம் போகும்போது வழுக்கி விழுந்து, பின்மண்டை படியில் மோதிவிட்டது. வெளிக்காயம் பெரிதில்லை. ஆனால் அவருக்கு இதய வால்வு மாற்றி ஏழு வருடம் ஆகிறது. இரத்தம் உறையாமல் இருக்க தினமும் அசிட்ரோம் சாப்பிடுகிறார். அந்த மாத்திரை சாப்பிடுகிறவர் தலையில் அடிபட்டால் உள்ளே கசிய ஆரம்பித்து நிற்காமல் போகலாம் என்று அறுவை சிகிச்சையின்போதே சொல்லியிருந்தார்கள். 108-ஐக் கூப்பிட்டுத் தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம்.

அவசரப் பிரிவில் இருந்தவர் சின்ன வயது டாக்டர். அடுக்கடுக்காகக் கேட்டார். எந்த வால்வு? உலோக வால்வா, திசு வால்வா? மாத்திரை எத்தனை மில்லிகிராம்? கடைசியாக ஐ.என்.ஆர். (இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் எண், கூடினால் தாமதமாக உறையும்) எவ்வளவு வந்தது? "மருந்தோட வேலையை முழுசா முறிச்சா உலோக வால்வுல இரத்தக்கட்டி சேர்ந்து அடைச்சுக்கும். முறிக்காம விட்டா தலையில கசிவு நிக்காது. அதான் கேக்கறேன்க்கா" என்றார்.

அறுவை சிகிச்சை நடந்தது சென்னையில். அங்கே எல்லாமே கணினியில்தான். போன் செய்தேன். எம்.ஆர்.டி. (மருத்துவப் பதிவேடுகள் பிரிவு) காலையில்தான் திறக்கும், போனில் எதையும் சொல்ல முடியாது என்றார்கள். நடுராத்திரியில் யாரோ ஒருத்தி இன்னொருவரின் நோய் விவரத்தைக் கேட்டால் சொல்லக் கூடாது என்பது நியாயம்தான். அவர்களுடைய ஆப்பைத் திறந்தேன். ஓ.டி.பி. அப்பாவின் பழைய எண்ணுக்குப் போனது. அந்த சிம் ரீசார்ஜ் இல்லாமல் செத்துப் பல மாதம் ஆகிறது. 300 கிலோமீட்டர் தள்ளி எல்லாம் பத்திரமாக இருக்கிறது, என் கைக்கு ஒரு வரிகூட வரவில்லை. அந்த நேரத்தில் வந்த அழுகையை இப்போது நினைத்தாலும் தொண்டை அடைக்கிறது.

அம்மா மஞ்சப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதும் கோடு போட்ட நோட்டு. அட்டையின் உள்பக்கம் வால்வு கார்டின் ஜெராக்ஸ் ஒட்டியிருந்தது: மிட்ரல், உலோகம். அதன் கீழே அம்மாவின் கையெழுத்தில் "2.5 முதல் 3.5 வரை இருக்கணும்". அப்புறம் பக்கம் பக்கமாகத் தேதி, ஐ.என்.ஆர்., மாத்திரை அளவு. ஓரத்தில் "முருங்கைக்கீரை மூணு நாள்", "சளிக்கு ஆன்டிபயாடிக்" என்று குறிப்புகள். கீரையும் சில மாத்திரைகளும் ஐ.என்.ஆரை ஏற்றி இறக்கும் என்று ஒரு செவிலியர் சொன்னதிலிருந்து அம்மா அதையும் எழுத ஆரம்பித்திருந்தார்.

கடைசி வரி, விழுவதற்கு ஒன்பது நாள் முன்னால். ஐ.என்.ஆர். 4.4. சென்னை டாக்டர் போனிலேயே ஒரு நாள் நிறுத்தச் சொல்லி, அப்புறம் 3 மில்லிகிராமை 2 ஆக்கியிருக்கிறார். காலையில் சென்னையிலிருந்து வந்த பி.டி.எஃப்.பில் 3 மில்லிகிராம் என்றுதான் இருந்தது. போனில் சொன்னதை யாரும் கணினியில் ஏற்றவில்லை. அந்தத் திரை அன்று இரவே திறந்திருந்தாலும் மாத்திரை அளவைத் தப்பாகத்தான் சொல்லியிருக்கும்.

ஸ்கேனில் சிறிய கசிவு. ஐ.என்.ஆரைப் புதிதாகவும் எடுத்துப் பார்த்தார்கள், ஆனால் எந்த வால்வு, எந்த அளவுக்குள் வைக்க வேண்டும் என்பது நோட்டிலிருந்துதான் தெரிந்தது. ஆறு நாள் கழித்து வீட்டுக்கு வந்தோம். கணினியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதே பி.டி.எஃப்.பில் இருந்த பழைய எக்கோ அறிக்கைகள் மறுநாள் வால்வை ஒப்பிட்டுப் பார்க்க உதவின. உங்களுக்கு நேர்ந்ததையும் எழுதுங்கள்.

முடிச்சூரிலிருந்து

உங்கள் அம்மாவுக்கு என் வணக்கம். எங்கள் வீட்டில் நேர் எதிராக நடந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் தரைத்தளம் முழுக்கத் தண்ணீர். மாமியாரின் மார்பகப் புற்றுநோய் ஃபைல் பீரோவின் கீழ்த்தட்டில் இருந்தது. பதினோரு வருடத்துக் காகிதம். தண்ணீர் வடிந்து நாங்கள் திரும்பி வந்தபோது எல்லாம் ஒட்டி ஒரே கட்டியாகிவிட்டது. எக்ஸ்ரே ஃபிலிமை மட்டும் கழுவி, துணி காயப்போடுவது போல் கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்தோம். பேனா மையில் எழுதியது ஒன்றும் மிஞ்சவில்லை.

மருத்துவமனைக்குப் போனோம். கணினி வந்த பிறகு எடுத்த பரிசோதனை முடிவுகளையெல்லாம் அரை மணி நேரத்தில் அச்சடித்துக் கொடுத்தார்கள். அதற்கு முன்னால் கொடுத்த கீமோ விவரம் காகிதக் கேஸ் ஷீட்டில் இருந்ததாம், அழித்துவிட்டார்களாம். 2002-ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதிப்படி, சிகிச்சை தொடங்கியதிலிருந்து மூன்று வருடம் பதிவேட்டை வைத்திருந்தால் போதும் என்றார் எம்.ஆர்.டி. ஊழியர். விதிப்படி சரி. ஆனால் சில கீமோ மருந்துகளை வாழ்நாள் முழுக்க இவ்வளவுதான் கொடுக்கலாம், தாண்டினால் இதயம் பாதிக்கும் என்று ஒரு கணக்கு உண்டு. நோய் திரும்ப வந்தபோது டாக்டர் முதலில் கேட்டதே முன்பு எத்தனை மில்லிகிராம் ஏற்றினார்கள் என்பதைத்தான். எங்களிடம் பதில் இல்லை. கடைசியில் அந்த மருந்தையே விட்டுவிட்டு வேறொன்றுக்குப் போனார்கள்.

மதுரையிலிருந்து, பத்தொன்பது வருடமாக வார்டில் வேலை செய்யும் செவிலியர்

காகிதக் காலத்தில் எங்கள் பெரிய பயம் கையெழுத்து. ராத்திரி டூட்டியில் ஒரு வரியை நாலு பேர் சேர்ந்து படித்திருக்கிறோம். 0.5 என்பதில் புள்ளி மங்கியிருந்தால் 5. சந்தேகம் வந்தால் டாக்டரை எழுப்பித்தான் ஆக வேண்டும், திட்டு வாங்கினாலும். மருந்தின் பெயரைத் தெளிவாக, முடிந்தால் கேப்பிட்டல் எழுத்தில் எழுத வேண்டும் என்று 2016-இல் விதியில் சேர்த்தார்கள். அதற்குப் பிறகும் பழைய கை பழைய கையாகத்தான் இருந்தது. கணினி வந்ததும் அந்தப் பயம் போய்விட்டது. இதற்காகவே நான் கணினிப் பக்கம்.

ஆனால் வேறொன்று வந்தது. நேற்றைய குறிப்பை அப்படியே நகலெடுத்து இன்றைக்குப் போடுவது. ஒரு பெரியவருக்குச் சிறுநீர்க் குழாயை எடுத்து இரண்டு நாள் ஆகிவிட்டது. திரையில் இன்னும் "கதீட்டர் உள்ளது" என்றே இருந்தது. அவருக்குச் சிறுநீர் சரியாகப் போகவில்லை, வயிறு உப்பிக்கொண்டே வந்தது. திரையை மட்டும் பார்த்த ஒருவர் குழாய்தான் இருக்கிறதே என்று விட்டுவிட்டார். மாலையில் போர்வையை விலக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. காகிதத்தில் இது நடக்காது என்று சொல்ல மாட்டேன். ஆனால் காகிதத்தில் ஒவ்வொரு வரியையும் கையால் எழுத வேண்டும். எழுதும்போது ஒரு நொடியாவது நோயாளி நினைவுக்கு வருவார்.

இன்னொன்று, ஒவ்வாமை. முன்பு பென்சிலின் ஆகாதென்றால் கேஸ் ஷீட்டின் முகப்பில் சிவப்பு மையில் எழுதுவோம். இப்போது திரையில் எச்சரிக்கைப் பெட்டி வருகிறது. ஆனால் ஒன்றுக்கும் உதவாத எச்சரிக்கைகளும் நாள் முழுக்க வருகின்றன. பார்க்காமலே மூடிவிட்டுப் போகும் பழக்கம் என் பிள்ளைகளுக்கு வந்துவிட்டது. (வார்டில் ஜூனியர்களை அப்படித்தான் சொல்வேன்.) அதனால் எங்கள் வார்டில் இன்றைக்கும் கட்டில் தலைமாட்டில் சிவப்பு அட்டை தொங்கும்.

2022 நவம்பர் 23-ஆம் தேதி டெல்லி எய்ம்ஸ் சர்வர்களைத் தாக்கி முடக்கினார்கள். கிட்டத்தட்ட இரண்டு வாரம் அங்கே எல்லாவற்றையும் கையால் எழுத வேண்டியிருந்தது. அந்தச் செய்தி வந்த வாரமே எங்கள் சூப்பரின்டெண்டென்ட் காகிதச் சார்ட் எழுதுவதற்கு ஒரு பயிற்சி வைத்தார். புதிதாக வந்த பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வெப்பநிலைச் சார்ட்டில் புள்ளி வைக்கத் தெரியவில்லை. அவர்கள் மேல் தப்பில்லை, நாம்தான் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஈரோட்டிலிருந்து

எனக்கு நல்லதாகவே நடந்தது. கர்ப்பம் தெரிந்ததும் கிராம சுகாதாரச் செவிலியர் பிக்மியில் (கர்ப்பிணிகளைப் பதியும் அரசுக் கணினித் தளம்) பதிந்து 12 இலக்க ஆர்.சி.எச். எண் கொடுத்தார். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு, திண்டுக்கல் பக்கம் போனேன். போன வாரத்திலேயே காய்ச்சல். தாய் சேய் அட்டையை இங்கேயே மறந்துவிட்டுப் போயிருந்தேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் எண்ணைத் தட்டியதும் என் ஹீமோகுளோபின், இரத்த வகை, போட்ட ஊசி எல்லாம் வந்தன. பிள்ளையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அதே எண்ணைத்தான் கேட்டார்கள். பெண்கள் பிரசவத்துக்கு ஊர் மாறும் நம் வழக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு வேண்டாம். ஒரே வருத்தம், அந்தச் செவிலியர் அக்கா எல்லாவற்றையும் முதலில் பதிவேட்டில் எழுதி, அப்புறம் கணினியிலும் ஏற்றுகிறார். ஒரே வேலை, இரண்டு தடவை. அதில் போகும் நேரம் எங்களைப் போன்றவர்களைப் பார்க்கும் நேரம்.

யாழ்ப்பாணத்திலிருந்து

இங்கே அரசாங்க ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போகிறவர்களின் கையில் கிளினிக் கொப்பி (நோட்டு) இருக்கும். ஒவ்வொரு முறையும் டொக்டர் அதிலேதான் எழுதுவார். வார்ட்டில் இருந்தால் பெட் ஹெட் டிக்கெட் (உங்கள் கேஸ் ஷீட்) ஆஸ்பத்திரியோடு நின்றுவிடும், துண்டு வெட்டும்போது, அதாவது வீட்டுக்கு அனுப்பும்போது, டயக்னோசிஸ் கார்டைத் தருவார்கள். என் அம்மம்மா கொப்பியையும் அடையாள அட்டையையும் ஒரே பொலித்தீன் பையில்தான் வைத்திருப்பார். எத்தனையோ முறை இடம்பெயர்ந்தவர். கொப்பி தன் கையில் இருப்பதுதான் அவருக்கு நிம்மதி.

மீண்டும் மன்னார்குடியிலிருந்து

எல்லாருக்கும் நன்றி. முடிச்சூர்க்காரர் எழுதியதைப் படித்துவிட்டு நேற்று அம்மாவின் நான்கு நோட்டுகளையும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, தம்பிக்கும் அக்காவுக்கும் அனுப்பிவிட்டேன். அப்போதுதான் பார்த்தேன், ஏழு வருடத்துக்கு முந்தைய ஈ.சி.ஜி. தாள் முழுக்க வெளுத்துவிட்டது. அது வெப்பத்தில் பதியும் தாள், நாளாக ஆக அழிந்துவிடும். வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். ஆப்பில் அப்பாவின் எண்ணை மாற்ற நேரில் போக வேண்டியிருந்தது, போய் மாற்றினேன். மருத்துவப் பதிவுகளை ஒரே இடத்தில் இணைக்க மத்திய அரசு தரும் 14 இலக்க ஆபா எண்ணும் எடுத்தோம். ஆனால் சென்னை மருத்துவமனையின் பதிவுகள் இன்னும் அதில் இணையவில்லை. டாக்டர் போனில் அளவை மாற்றினால் அதையே ஒரு வரியில் வாட்ஸப்பில் அனுப்பும்படி கேட்டிருக்கிறேன். அனுப்புகிறார்.

முடிச்சூர்க்காரருக்கு: அழிப்பதற்கு முன்பே வாங்கி வைத்துக்கொள்ள வழி இருக்கிறது. நோயாளியோ அவர் அனுமதித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவுகளைத் தர வேண்டும் என்பதும் அதே 2002 விதியில்தான் இருக்கிறது. அத்தையின் இப்போதைய சிகிச்சைக்காவது முழுக் கேஸ் ஷீட்டின் நகலையும் எழுத்தில் கேளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. உள்நோயாளி எண், சேர்ந்த தேதி, வீடு திரும்பிய தேதி மூன்றையும் குறிப்பிட்டு, கொடுத்ததற்குக் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். நான் தஞ்சாவூரில் அப்படித்தான் கேட்டேன். இரண்டாம் நாள் கிடைத்தது, 61 பக்கம்.