வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கட்டச் சொல்கிறார்கள்: ஆசிரியர்களுக்கு எந்த மேற்படிப்பு சரி?

கணக்கு டீச்சர்:
வணக்கம். நாங்கள் இங்கே வந்து மூன்று மாதம் ஆகிறது. ஊரில் ஆறு வருடம் பள்ளியில் பாடம் நடத்தினேன், இப்போது வீட்டில் இருக்கிறேன். ஒரு ஏஜென்ட் மூலம் எஜுகேஷனில் மாஸ்டர்ஸ் படிக்க விண்ணப்பித்து இடமும் கிடைத்துவிட்டது. ஒரு வருடம் படித்தால் போதும், பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்துவிடலாம் என்கிறார் அவர். வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கட்டாவிட்டால் இடம் போய்விடுமாம். கட்டினால் கையிருப்பில் பாதி போய்விடும். எம்.எட்., எம்.ஏ. எஜுகேஷன், மாஸ்டர் ஆஃப் டீச்சிங் என்று ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். எல்லாம் ஒன்றுதானா? இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நியூஜெர்சிக்காரி:
ஒன்று இல்லை அம்மா, ஒன்றே இல்லை. இங்கே அமெரிக்காவில் எம்.எட். என்பது பெரும்பாலும் ஏற்கெனவே ஆசிரியர் உரிமம் வைத்திருப்பவர்கள் மேலே படிப்பதற்கு. புதிதாக உரிமம் வாங்க வேண்டுமென்றால் எம்.ஏ.டி. (மாஸ்டர் ஆஃப் ஆர்ட்ஸ் இன் டீச்சிங்) என்று தேட வேண்டும், அதில்தான் பள்ளியில் பயிற்சி வகுப்பு எடுக்கவைப்பார்கள். உரிமத்தை ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாகத் தருகிறது. பிராக்சிஸ் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வு கேட்கும் மாநிலங்களும் உண்டு. நம் பி.எஸ்சி. மூன்று வருடப் படிப்பு என்பதால் சில இடங்களில் மதிப்பீட்டில் குறைத்துவிடுவார்கள், பி.எட். சான்றிதழையும் சேர்த்தே அனுப்புங்கள்.

கணவரின் வேலை விசாவோடு சேர்ந்து வரும் எச்4 விசாவில் வந்திருந்தால் படிக்கலாம், ஆனால் ஈ.ஏ.டி. என்ற வேலை அனுமதி அட்டை இல்லாமல் சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாது. நான் அப்படித்தான் இரண்டு வருடம் உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் இரண்டரை மணிக்கு மஞ்சள் பஸ் வந்து வாசலில் நிற்கும், பிள்ளைகள் இறங்குவதை ஜன்னலில் நின்று பார்ப்பேன். முதல் குளிர்காலம் முழுக்க அதுதான் என் வேலை. அதனால் சொல்கிறேன், சும்மா இருக்காதீர்கள், எதிலாவது சேர்ந்துவிடுங்கள்.

ஸ்கார்பரோ அக்கா:
தங்கச்சி, காசு கட்டாதையுங்கோ. ஏற்கெனவே ரீச்சராக இருந்த ஆளுக்கு எதற்குத் திரும்பப் படிப்பு? இங்கே கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்தில் ஆசிரியர் கல்லூரி என்று ஒரு அமைப்பு இருக்கிறது. பெயர்தான் கல்லூரி, அங்கே படிப்பிக்கிறதில்லை, பதிவு கொடுக்கிற இடம். வெளிநாட்டில் படித்த ஆசிரியர்கள் நேரே அங்கே விண்ணப்பிக்கலாம். படிக்கத்தான் வேண்டும் என்றாலும் கவனம். ரொறன்ரோ பல்கலைக்கழகத்திலேயே மாஸ்டர் ஆஃப் டீச்சிங் முடித்தால் பதிவுக்குப் போகலாம், எம்.எட். முடித்தால் அதைக் கொண்டு பதிவு கிடையாது. பெயரில் ஒரு சொல் மாறினால் வாழ்க்கையே மாறும்.

இன்னொன்று. மதிப்பெண் பட்டியல் பல்கலைக்கழகத்திலிருந்து நேரே அவர்களுக்குப் போக வேண்டும், தபாலில் போனால் உறை ஒட்டினபடி இருக்க வேண்டும். எனக்கு வந்த உறை தவறுதலாக வீட்டுக்கு வந்துவிட்டது. பின்பக்கம் மூடிய இடத்தில் பல்கலைக்கழக முத்திரை பாதி உறையிலும் பாதி மடிப்பிலும் விழுந்திருந்தது. எல்லாம் சரியாக இருக்கிறதா பார்ப்போம் என்று என் மனுசன் கத்தியால் அழகாகக் கீறித் திறந்துவிட்டார். உள்ளே ஒரு பிழையும் இல்லை. ஆனால் உறை திறந்துவிட்டதே, செல்லாது. மறுபடி எழுதி, காசு கட்டி, ஐந்து மாதம் போனது. அந்த ஐந்து மாதமும் நான் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை செய்தேன்.

மெல்பர்ன் வாசி:
முதலில் படிப்பைப் பற்றி யோசிக்காதீர்கள், ஐ.ஈ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வு எழுதுங்கள். ஆஸ்திரேலியாவில் வெளிநாட்டு ஆசிரியர்களின் தகுதியைப் பார்க்கும் ஏ.ஐ.டி.எஸ்.எல். அமைப்பின் மதிப்பீட்டுக்கு வாசிப்பிலும் எழுத்திலும் 7, கேட்பதிலும் பேசுவதிலும் 8 வேண்டும். பி.எட்.டில் குறைந்தது 45 நாள் கண்காணிப்பில் வகுப்பு எடுத்ததற்குக் கடிதமும் கேட்பார்கள். நான் பன்னிரண்டு வருடம் ஆங்கிலத்திலேயே வேதியியல் நடத்தியவன். பேசும் தேர்வில் 7.5 வந்தது. அரை மதிப்பெண்ணுக்காக மூன்று முறை எழுதினேன். மூன்றாம் முறை தேர்வு அறைக்கு வெளியே காத்திருந்தபோது என் கை நடுங்கியது, பக்கத்தில் இருந்த பெண்ணின் கையும் நடுங்கியது, அவரும் ஆசிரியர்தான்.

பனிமூட்டம்:
இங்கிலாந்தில் மாணவர் விசாவில் வரப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2024 ஜனவரிக்குப் பிறகு தொடங்கும் மாஸ்டர்ஸ் படிப்புக்குக் குடும்பத்தை அழைத்துவர முடியாது, ஆராய்ச்சிப் படிப்புக்குத்தான் முடியும். இது தெரியாமல் என் நண்பன் இடம் வாங்கிவிட்டு மனைவியையும் குழந்தையையும் விட்டு வந்தான். உங்களுக்குக் குடும்பம் கூடவே இருக்கிறது, அதுவே பெரிய விஷயம். கட்டிவிடுங்கள், இந்த இடம் போனால் அடுத்த வருடம்தான்.

நியூஜெர்சிக்காரி:
ஊரில் நம்மைப் பார்த்தால் பெற்றோர் எழுந்து நின்று வணக்கம் சொல்வார்கள். இங்கே பத்து வருட அனுபவத்தை ஒரு படிவத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்றே தெரியவில்லை.

மெல்பர்ன் வாசி:
உண்மை. அனுபவக் கடிதம் கேட்டு என் பழைய பள்ளிக்கு நான்கு மின்னஞ்சல் அனுப்பினேன், பதில் இல்லை. கடைசியில் அங்கே இருந்த அலுவலக உதவியாளரைப் பிடித்துத்தான் வாங்கினேன்.

ஸ்கார்பரோ அக்கா:
எனக்குக் கடிதம் தரவே பள்ளி இல்லை தம்பி. போரில் அந்தக் கட்டடமே போய்விட்டது. ஒரு பழைய சம்பளச் சீட்டையும் வகுப்புப் படம் ஒன்றையும் வைத்துக்கொண்டு மூன்று வருடம் அலைந்தேன்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:
பிள்ளைகளே, கொஞ்சம் நில்லுங்கள். எல்லோரும் நல்ல மனதோடுதான் சொல்கிறீர்கள், ஆனால் அந்தப் பெண் எந்த நாட்டில் இருக்கிறார் என்றே யாரும் கேட்கவில்லை. அம்மா, நான்கு விஷயம் சொல்லுங்கள். எந்த நாடு? என்ன விசா? பி.எட். உண்டா? எந்தப் பாடம், எந்த வகுப்புக்கு நடத்தினீர்கள்? இது தெரியாமல் யார் என்ன சொன்னாலும் உங்களுக்குக் குழப்பம்தான் கூடும்.

கணக்கு டீச்சர்:
மன்னியுங்கள் ஐயா, பதற்றத்தில் விட்டுவிட்டேன். இங்கிலாந்து. கணவருக்கு வேலை விசா, நான் டிபெண்டன்ட். பி.எஸ்சி. கணிதம், பி.எட். இரண்டும் தமிழ்நாட்டில் ஆங்கில வழியில். ஆறாம் வகுப்பிலிருந்து பத்து வரை ஆறு வருடம் கணிதம். இப்போது கிடைத்திருப்பது எம்.ஏ. எஜுகேஷன், முன்பணம் 2,000 பவுண்டு.

பர்மிங்காம் கணித ஆசிரியர்:
சகோதரி, தயவுசெய்து கட்டாதீர்கள். நான் இங்கே மேல்நிலைப் பள்ளியில் கணிதம் நடத்துகிறேன், அதனால் உறுதியாகச் சொல்கிறேன்.

இங்கிலாந்தில் ஆசிரியர் என்ற தகுதிக்குக் கியூ.டி.எஸ். என்று பெயர். எம்.ஏ. எஜுகேஷன் கல்வியைப் பற்றிய படிப்பு, கொள்கை, ஆய்வு எல்லாம் வரும், நல்ல படிப்புதான். ஆனால் அதை முடித்தால் கியூ.டி.எஸ். வராது. உங்கள் ஏஜென்ட் சொன்னது தவறு.

உங்கள் விஷயத்தில் படிப்பே தேவைப்படாமல் போகலாம். 2023 பிப்ரவரியில் இங்கிலாந்துக் கல்வித் துறை, நேரடியாகக் கியூ.டி.எஸ். கேட்டு விண்ணப்பிக்கும் வழியை இந்தியா உட்பட மேலும் சில நாடுகளில் தகுதி பெற்றவர்களுக்கும் திறந்தது. இந்தியாவில் தகுதி பெற்றவர்களுக்கு அது எல்லாப் பாடத்துக்கும் கிடையாது. 11 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கணிதம், அறிவியல், மொழிப்பாடம் நடத்தத் தகுதி பெற்றிருக்க வேண்டும். நீங்கள் சொன்னதெல்லாம் அப்படியே அதற்குள் வருகிறது. பட்டம், பி.எட்., தகுதி பெற்ற பிறகு குறைந்தது ஒரு பள்ளி ஆண்டு அனுபவம், ஆசிரியர் பணியில் தடை எதுவும் இல்லை என்பதற்கான கடிதம், ஆங்கிலத் திறனுக்கு ஆதாரம். இவ்வளவுதான் கேட்பார்கள். ஆங்கில வழியில் படித்திருப்பதால் கல்லூரியிலிருந்து பயிற்றுமொழிக் கடிதம் வாங்கினால் ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டியிருக்காது. விண்ணப்பத்தை அரசு இணையதளத்தில் நீங்களே போடலாம், ஏஜென்ட் வேண்டாம்.

தமிழ்நாட்டில் 2008-க்குப் பிறகு பி.எட். முடித்திருந்தால் பெரும்பாலும் பட்டம் ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்துடையதாக இருக்கும், பி.எஸ்சி. வேறு பல்கலைக்கழகமாக இருக்கும். இரண்டு இடத்துக்கும் இன்றே எழுதிவிடுங்கள். தாமதம் ஆவதெல்லாம் இங்கேதான். ஊரிலிருந்து போலீஸ் சான்றிதழும் இப்போதே கேட்டு வையுங்கள், வேலைக்குச் சேரும்போது இங்கத்திய டி.பி.எஸ். என்ற குற்றப் பின்னணிச் சோதனையோடு அதையும் கேட்பார்கள்.

ஏதாவது காரணத்தால் அந்த வழி அடைபட்டால் பி.ஜி.சி.இ. என்ற ஆசிரியர் பயிற்சிப் படிப்பு படிக்கலாம். கியூ.டி.எஸ்.ஸோடு சேர்ந்ததா என்று பார்த்துத்தான் சேர வேண்டும். கியூ.டி.எஸ். இல்லாத பி.ஜி.சி.இ.யும் இருக்கிறது, வெளிநாட்டிலிருந்தே படிக்கும் சர்வதேச பி.ஜி.சி.இ.யும் அப்படித்தான். விண்ணப்பம் ஒவ்வொரு அக்டோபரிலும் திறக்கும், ஒரே நேரத்தில் நான்கு இடங்களுக்குப் போடலாம். டிபெண்டன்ட் விசாவில் பொதுவாக வெளிநாட்டு மாணவர் கட்டணம்தான் விழும், அதைக் கணக்கில் வையுங்கள். பி.ஜி.சி.இ.யில் பெரும்பாலும் 60 கிரெடிட் முதுகலை நிலையில் கிடைக்கும், எம்.ஏ.வுக்கு மொத்தம் 180. வேலையில் சேர்ந்தபின் மீதியைப் பகுதிநேரமாக முடித்து எம்.ஏ. வாங்குபவர்கள் நிறைய. எம்.ஏ. ஆசை இருந்தால் அப்போது வைத்துக்கொள்ளலாம்.

ஸ்காட்லாந்துக்குக் குடிபோகும் எண்ணம் இருந்தால் அங்கே பதிவு தனி, இது செல்லாது.

லெஸ்டர் அக்கா:
தம்பி சொன்னதில் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. கியூ.டி.எஸ். கையில் வந்த உடனே வகுப்புக்குள் போய்விடாதே தங்கம். நான் பி.ஜி.சி.இ. படித்துத்தான் வந்தேன், அந்தப் பத்து மாதம் எனக்கு வீண் இல்லை. ஊரில் நான் உள்ளே நுழைந்தால் வகுப்பு அமைதியாகிவிடும். இங்கே எட்டாம் வகுப்பில் முதல் நாள் முப்பது பேர் பேசிக்கொண்டே இருந்தார்கள், நான் பலகையில் எழுதிக்கொண்டே இருந்தேன். அந்தப் பள்ளியில் எப்படி எச்சரிப்பது, இரண்டாம் முறை என்ன, யாரை எங்கே உட்கார வைப்பது, எல்லாவற்றுக்கும் எழுதிவைத்த முறை இருந்தது. பக்கத்து வகுப்பு ஆசிரியர் சொல்லித்தான் அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரிந்தது.

பர்மிங்காம் கணித ஆசிரியர்:
அக்கா சொல்வது சரிதான், அதை நானும் மறுக்க மாட்டேன். ஆனால் அதைக் கற்றுக்கொள்ள வெளிநாட்டுக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும்போதே பள்ளியில் கற்பித்தல் உதவியாளராகவோ, ஆசிரியர் வராத நாளில் வகுப்பைப் பார்த்துக்கொள்ளும் கவர் சூப்பர்வைசராகவோ சேரலாம். உங்கள் விசாவில் வேலை செய்யத் தடை இல்லை. ஒரு பருவம் அப்படி இருந்தால் பள்ளி எப்படி நடக்கிறது என்பது பிடிபட்டுவிடும், பரிந்துரைக் கடிதம் தர இங்கேயே ஒரு ஆளும் கிடைப்பார்.

அப்புறம், விண்ணப்பத்தில் எழுதும் உங்களைப் பற்றிய பக்கம். பி.ஜி.சி.இ.க்கும் வேலைக்கும் அதுதான் முக்கியம். "சிறு வயதிலிருந்தே ஆசிரியர் பணியில் ஆர்வம்" என்று தொடங்காதீர்கள், எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். ½ + ⅓ = ⅖ என்று எழுதிய பிள்ளையை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டியிருக்கும். அந்தப் பிள்ளையிடம் என்ன கேட்டீர்கள்? ⅖ பாதியைவிடச் சிறியது ஆயிற்றே, பாதியோடு இன்னும் கொஞ்சம் கூட்டினால் எப்படிக் குறையும் என்று கேட்டீர்களா? காகிதத்தை மடித்துக் காட்டினீர்களா? மறுநாள் அந்தப் பிள்ளை என்ன செய்தது? அதை எழுதுங்கள். நேர்காணலில் இருபது, முப்பது நிமிடம் வகுப்பு எடுத்துக் காட்டவும் சொல்வார்கள், பிள்ளைகள் பாதுகாப்பைப் பற்றிக் கட்டாயம் ஒரு கேள்வி வரும்.

கணக்கு டீச்சர்:
படிக்கப் படிக்கக் கண் கலங்கிவிட்டது. பல்கலைக்கழகத்துக்கே நேராக ஒரு வரி எழுதிக் கேட்டேன், இந்தப் படிப்பு முடித்தால் கியூ.டி.எஸ். கிடைக்குமா என்று. இரண்டு மணி நேரத்தில் "இல்லை" என்று பதில் வந்துவிட்டது. ஏஜென்ட் இன்னும் போன் எடுக்கவில்லை. முன்பணம் கட்டப் போவதில்லை. கல்லூரிக்குப் பயிற்றுமொழிக் கடிதம் கேட்டு எழுதிவிட்டேன்.

ஒரே ஒரு சந்தேகம். சான்றிதழில் என் பெயரும் அப்பாவின் இனிஷியலும் மட்டும் இருக்கிறது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடத்தில் கணவர் பெயர். இதனால் நிராகரிப்பார்களா?

லெஸ்டர் அக்கா:
நம்மவர்களில் பாதிப் பேருக்கு இந்தச் சிக்கல் உண்டு, பயப்படாதே. எல்லாப் படிவத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து எழுது. திருமணப் பதிவுச் சான்றிதழைப் பெயர் மாற்றத்துக்கு ஆதாரமாகச் சேர்த்து அனுப்பு. அது தமிழில் இருந்தால் சான்றளித்த மொழிபெயர்ப்பும் வேண்டும். கல்லூரிக் கடிதம் தயாராகும் முன்பே இன்னொரு மின்னஞ்சல் போட்டு, பழைய பெயர், இப்போதைய பெயர் இரண்டையும் அதில் குறிப்பிடச் சொல்லிவிடு.

கணக்கு டீச்சர்:
இதோ அனுப்புகிறேன் அக்கா.